ஒன்றுபோலத் தெரியும் ஆங்கிலச் சொற்களைப் பிரித்தறிய: முழுமையான வழிகாட்டி

சென்னையில் வேலைக்கு விண்ணப்பிப்பவர்கள் எழுதும் கடிதங்களையும், புதிதாக வேலையில் சேர்ந்தவர்களின் மின்னஞ்சல்களையும் திருத்திக் கொடுப்பது என் மாலை நேர வேலை. இலக்கணம் ஓரளவு சரியாகவே இருக்கும். ஒரு சொல் எழுத வேண்டிய இடத்தில் அதன் சாயல் கொண்ட இன்னொரு சொல் வந்து உட்கார்ந்திருக்கும். படிப்பவர் முதலில் கவனிப்பதும் அதைத்தான்.

‘குழப்பும் நூறு சொற்கள்’ என்கிற மாதிரிப் பட்டியலை மனப்பாடம் செய்துவிட்டு வருபவர்கள்தான் இதில் அதிகம் தடுமாறுகிறார்கள். இரண்டு சொற்களையும் ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் இரண்டு சொல்லும் நினைவில் நிற்கும், இரண்டு பொருளும் நிற்கும். எதற்கு எது என்பது மட்டும் நிற்காது. அதனால் கீழே சொல்லும் வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

ஆங்கில எழுத்துகளை இங்கே ஏ, இ, ஐ, சி என்று பெயர் சொல்லியே குறிக்கிறேன். படிக்கும்போதே ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்துக்கொண்டு வாருங்கள். பாதிப் பயிற்சி அதிலேயே முடிந்துவிடும்.

1. தொடங்கும் முன் கையில் வேண்டியவை

முதலாவது, நீங்களே எழுதிய ஆங்கிலம். கடந்த சில மாதங்களில் அனுப்பிய மின்னஞ்சல்கள், விடுப்புக் கடிதம், பயோடேட்டா, மாதிரித் தேர்வு விடைத்தாள் எல்லாம் உதவும். யாரோ எழுதிக் கொடுத்ததும், இணையத்தில் எடுத்து ஒட்டியதும் வேண்டாம்.

இரண்டாவது, ஆங்கிலத்திலேயே பொருள் சொல்லி எடுத்துக்காட்டு வாக்கியமும் தரும், கற்பவர்களுக்கான அகராதி. ஆங்கிலம்-தமிழ் அகராதி மட்டும் போதாது, ஏனென்றால் இரண்டு சொல்லுக்கும் அது ஒரே தமிழ்ச் சொல்லைத் தந்துவிட வாய்ப்புண்டு. வாங்க வசதி இல்லையென்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கோ எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்கோ போய் உட்கார்ந்து பார்க்கலாம். போனில் இலவச அகராதிகளும் இருக்கின்றன.

மூன்றாவது, ஒரு நோட்டும் பேனாவும். போனில் எழுதினால் கீபோர்டு தானாகவே எழுத்தைத் திருத்திவிடும். பிழை உங்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

2. உங்கள் பிழைகளை முதலில் பிடியுங்கள்

பழைய கடிதங்களை எடுத்து, எழுதும்போது கை ஒரு நொடி தயங்கிய சொற்களைச் சுற்றி வட்டம் போடுங்கள். அப்புறம் அதே கடிதத்தை ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, தவறான சொற்களுக்கு அடியில் கோடு மட்டும் போடச் சொல்லுங்கள். சரியான சொல்லை எழுதித் தர வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதை நீங்கள்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

தயங்கிய சொல்லும் தவறிய சொல்லும் ஒன்றாக இருக்காது. தயங்கியவற்றில் பெரும்பாலும் சரியாகவே எழுதியிருப்பீர்கள். தயங்காமல் எழுதித் தவறியவைதான் உண்மையான வேலை. பட்டியலின் தலையில் அவற்றைப் போடுங்கள். பத்து ஜோடி தேறினால் தாராளம்.

இந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிட்டு நேரே இணையப் பட்டியலுக்குப் போவதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. ‘டிஸ்க்ரீட்’ என்ற சொல்லின் இரண்டு எழுத்துக்கூட்டலையும் ஒப்பிப்பார்கள். அதை ஒரு கடிதத்திலும் எழுதப்போவதில்லை. தினமும் எழுதும் ‘லூஸ்’ மட்டும் தப்பாகவே போய்க்கொண்டிருக்கும்.

3. ஒவ்வொரு ஜோடியும் என்ன ரகம் என்று குறியுங்கள்

குழப்பம் ஒரே காரணத்தால் வருவதில்லை. தமிழில் நாம் ஒரே சொல்லாகப் பேசிவிடுவதால் சில குழம்பும். பெயர்ச்சொல்லா வினைச்சொல்லா என்று பார்க்காததால் சில. தன்வினை, பிறவினை பார்க்காததால் சில. அடிச்சொல் ஒன்றாக இருந்து வால் மட்டும் மாறுவதால் சில. கடைசியாக, வெறும் எழுத்துக்கூட்டல்.

நோட்டில் ஒவ்வொரு ஜோடிக்குப் பக்கத்திலும் ரகத்தை எழுதிவிடுங்கள். ஒவ்வொரு ரகத்துக்கும் மருந்து வேறு. எழுத்துக்கூட்டல் பிழைக்கு நினைவுக்குறிப்பு உதவும். தன்வினைக் குழப்பத்துக்கு அது துளியும் உதவாது.

4. ஜோடியைப் பிரித்து வையுங்கள்

இரண்டில் நீங்கள் அதிகம் பயன்படுத்தும் சொல் எது என்று பாருங்கள். அதை மட்டும் எடுத்து, உங்கள் வேலையிலிருந்தோ வீட்டிலிருந்தோ மூன்று வாக்கியம் எழுதுங்கள். மற்ற சொல்லின் பக்கமே போக வேண்டாம். ஒரு வாரம் கழித்து, முதல் சொல் யோசிக்காமல் வருகிறது என்று தெரிந்த பிறகு இரண்டாவதைத் தொடுங்கள்.

ஒன்று உறுதியாகிவிட்டால் மற்றது கழித்தலில் கிடைத்துவிடும். ‘இது அது இல்லை, அப்படியானால் மற்றது’ என்று மனம் தானே போகும். இரண்டும் பாதி தெரிந்திருந்தால் இந்தக் கழித்தல் நடக்காது.

இனி ரகம் ரகமாகப் பார்க்கலாம்.

5. தமிழில் ஒரே சொல்லாகிவிட்டவை

நம் பேச்சுத் தமிழுக்குள் வந்துவிட்ட ஆங்கிலச் சொற்கள்தான் இங்கே வில்லன். காதுக்கு ஒரே சொல்லாகக் கேட்பதால், அவை இரண்டு சொற்கள் என்ற சந்தேகமே வருவதில்லை. முதலில் பொருளைச் சுத்தத் தமிழில் எழுதிக்கொண்டு, பிறகு எழுத்துக்கூட்டலுக்குப் போங்கள்.

கவுன்சிலர் நல்ல எடுத்துக்காட்டு. சென்னை மாநகராட்சியின் 200 வார்டுகளிலும் தேர்ந்தெடுக்கப்படுபவர் ஒரு கவுன்சிலர். கல்லூரியில் மாணவர்களுக்கு மனநல ஆலோசனை சொல்பவர் இன்னொரு கவுன்சிலர். முதலாமவர் மன்ற உறுப்பினர், அவருக்கு நடுவில் சி, அதை அடுத்து ஐ. இரண்டாமவர் ஆலோசகர், அவருக்கு நடுவில் எஸ், அதை அடுத்து இ. என்ஜினியரிங் சேர்க்கைக்கான கவுன்சிலிங் எஸ் வகை. இதையே சி போட்டு, அடுத்து இ-யும் போட்டு எழுதுபவர்கள் ஏராளம். அப்படி ஒரு சொல் ஆங்கிலத்தில் கிடையாது, இரண்டையும் கலந்து நாமே உண்டாக்கியது.

சைட் என்றால் மூன்று. மனை, கட்டுமான இடம், இணையதளம் எல்லாம் எஸ்-ஐ-டி-இ (டீச்சரில் வரும் டி). மேற்கோள் காட்டுவது சி-யில் தொடங்கும். பார்வை என்பது ஜி-யும் எச்-சும் நடுவில் வருவது. கண்ணாடிக் கடையில் கேட்கும் லாங் சைட்டும் பேருந்து நிறுத்தத்தில் அடிக்கப்படும் சைட்டும் இந்த மூன்றாவது வகைதான்.

டைரி என்று நாட்குறிப்பையும் சொல்கிறோம், ஆவின் பால் பண்ணைப் பெயர்ப்பலகையையும் சில சமயம் அப்படியே படிக்கிறோம். பால் பண்ணையின் ஒலி ‘டெய்ரி’. அதில் ஏ முன்னால், ஐ பின்னால், ஹேர், ஃபேர் என்ற சொற்களில் வருவது போல. நாட்குறிப்பில் ஐ முன்னால்.

லூஸ் கொஞ்சம் கடினம். தளர்வானது என்ற பொருளில் இரண்டு ஓ. இழப்பது என்ற பொருளில் ஒரே ஓ, கடைசி ஒலியும் வண்டு ரீங்கரிப்பது போல அதிர வேண்டும். அந்த அதிர்வுக்குத் தமிழில் எழுத்து இல்லாததால் இரண்டையும் ஒன்றாகவே சொல்கிறோம். திட்டப் பயன்படும் ‘லூசு’ இரண்டு ஓ ரகம். சோதனை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்: வாக்கியத்தை நேற்று நடந்ததாக மாற்றிப் பாருங்கள். அந்த இடத்தில் ‘லாஸ்ட்’ வந்தால் ஒரு ஓ போதும். ‘இந்த வாய்ப்பை இழக்க விரும்பவில்லை’ என்று வேலைக்கு எழுதும் கடிதத்தில் இரண்டு ஓ போட்டால், வாய்ப்பைத் தளர்த்த விரும்பவில்லை என்று ஆகிவிடும்.

ஈசிஆர் என்றதும் சென்னைக்காரர்களுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலைதான் நினைவுக்கு வரும். பாஸ்போர்ட் பேச்சில் வரும் ஈசிஆர் வேறு. ‘எமிக்ரேஷன் செக் ரிக்வயர்ட்’ என்பதன் சுருக்கம் அது. நாட்டைவிட்டு வெளியே போய்க் குடியேறுவது எமிக்ரேஷன், வெளியிலிருந்து உள்ளே வந்து குடியேறுவது இமிக்ரேஷன். மீனம்பாக்கத்தில் போகும்போதும் வரும்போதும் முத்திரை குத்தும் இடத்தை இமிக்ரேஷன் என்றே நாம் சொல்வதால் மற்ற சொல் கண்ணில் படுவதில்லை. எக்ஸிட் இ-யில் தொடங்குகிறது, வெளியே போவதும் இ. இந்த ஒன்றை உறுதிப்படுத்தினால் போதும்.

6. பெயரா, வினையா

அலுவலக மின்னஞ்சல்களில் நான் அதிகம் பார்க்கும் பிழை ‘ப்ளீஸ் அட்வைஸ்’ என்பதைச் சி போட்டு எழுதுவது. இதற்குப் பள்ளிக்கூடத் தமிழ் இலக்கணமே போதும். வேற்றுமை உருபு ஏற்பது பெயர், காலம் காட்டுவது வினை.

நீங்கள் சொல்ல வந்ததைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘அறிவுரையை’ என்று ஐ உருபு சேர்த்தால் பொருந்துகிறதா? பெயர், சி போடுங்கள். ‘அறிவுறுத்தினார், அறிவுறுத்துவார்’ என்று காலம் ஏற்கிறதா? வினை, எஸ் போடுங்கள். ப்ளீஸ் என்று கேட்கும்போது ஒரு செயலைச் செய்யச் சொல்கிறோம், ஆகவே எஸ்.

இந்த ஜோடியை முதலில் படிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அட்வைஸ் இரண்டுக்கும் ஒலி வேறு, வினையில் கடைசி ஒலி அதிரும். பிராக்டிஸ், லைசென்ஸ் இரண்டிலும் அந்த ஒலி உதவி கிடையாது, எழுத்து மட்டும்தான் மாறும். காதில் கேட்கும் ஜோடியைப் பிடித்துக்கொண்டால் கேட்காதவற்றுக்கு அதே விதியைக் கொண்டுபோகலாம்.

இதெல்லாம் பிரிட்டிஷ் முறை. அமெரிக்கர்கள் பிராக்டிஸ் இரண்டையும் சி-யிலும், லைசென்ஸ் இரண்டையும் எஸ்-ஸிலும் எழுதுவார்கள். நம் அரசு வழக்கு பிரிட்டிஷ் முறை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் ஓட்டுநர் உரிமம் சி போட்டுத்தான் எழுதப்பட்டிருக்கிறது. பழைய மகாபலிபுரம் சாலையில் அமெரிக்க நிறுவனத்துக்கு வேலை பார்ப்பவர் அலுவலக முறையைப் பின்பற்றட்டும். ஒரே கடிதத்தில் இரண்டையும் கலப்பதுதான் தவறு.

இன்னொன்று: பெயர்ச்சொல்லான அட்வைஸுக்குப் பன்மை வேண்டாம். ‘பல அறிவுரைகள்’ என்று நினைத்துக் கடைசியில் எஸ் சேர்த்துவிடுகிறோம். பொதுவழக்கில் அது ஒருமையாகவே நிற்கும்.

அஃபெக்ட், எஃபெக்ட் இதே ரகம்தான். மழை பேருந்துப் போக்குவரத்தைப் பாதித்தது என்றால் வினை, ஏ. மழையின் விளைவு என்றால் பெயர், இ. இ-யில் தொடங்குவது சில இடங்களில் வினையாகவும் வரும், அப்போது ‘செய்து முடித்தல், நடைமுறைக்குக் கொண்டுவருதல்’ என்று பொருள். வங்கிக் கடிதங்களிலும் அரசாணைகளிலும் பார்க்கலாம். இந்த விதிவிலக்கை முதல் நாளே படிக்காதீர்கள், அடிப்படை ஆட்டம் கண்டுவிடும்.

7. தன்வினை, பிறவினை

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஆங்கிலத்தில் தனித்தனியாக மனப்பாடம் செய்யும் ஜோடிகளைத் தமிழ் ஒரு ஒற்றெழுத்தில் பிரித்து வைத்திருக்கிறது. உயர்ந்தது, உயர்த்தியது. விழுந்தது, வீழ்த்தியது. தமிழில் இவற்றை யாரும் மாற்றிச் சொல்ல மாட்டார்கள். அந்தத் தெளிவை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் போதும்.

உயர்ந்தது என்றால் ரைஸ், உயர்த்தியது என்றால் ரெய்ஸ். பெட்ரோல் விலை உயர்ந்தது, அது தானாக உயர்ந்ததாகச் சொல்கிறோம், ரைஸ். நிறுவனம் விலையை உயர்த்தியது, ரெய்ஸ். சந்தேகம் வந்தால் ‘எதை?’ என்று கேளுங்கள். ‘விலையை’ என்று பதில் கிடைத்தால் ரெய்ஸ். பதில் இல்லையென்றால் ரைஸ்.

இறந்தகாலத்தையும் கூடவே படியுங்கள், பாதிப் பிழை அங்கேதான் நடக்கிறது. ரைஸ், ரோஸ், ரிசன். ரெய்ஸ், ரெய்ஸ்ட், ரெய்ஸ்ட். ஐடி அலுவலகங்களில் ‘டிக்கெட் ரைஸ் பண்ணிட்டேன்’ என்று பேசிப் பேசி, எழுதும்போதும் ‘ரைஸ்ட்’ என்று ஒரு சொல்லை உருவாக்கிவிட்டார்கள். டிக்கெட் தானாக எழும்புவதில்லை. எதை எழுப்பினீர்கள்? டிக்கெட்டை. ரெய்ஸ்ட் என்றுதான் வரும்.

அடுத்தது கிடப்பதும் கிடத்துவதும். லை என்றால் கிடப்பது, படுத்திருப்பது. லே என்றால் கிடத்துவது, வைப்பது, பரப்புவது. மெட்ரோ வேலைக்காகக் குழாய் பதிக்கிறார்கள் என்றால் லே. பதிக்கப்படாத குழாய் தெருவோரம் கிடக்கிறது என்றால் லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கிடப்பதன் இறந்தகாலமும் ‘லே’ தான்: லை, லே, லெய்ன். கிடத்துவது லே, லெய்ட், லெய்ட். அதாவது ‘நேற்று குழாய் தெருவில் கிடந்தது’ என்று சொல்ல லே என்று எழுத வேண்டும், அது பிறவினையைப் போலவே தோன்றும். பொய் சொல்வதற்கும் லை என்ற சொல்தான், ஆனால் அதன் இறந்தகாலம் லைட். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே இங்கே சறுக்குகிறார்கள், அதனால் மூன்றையும் ஒரே வாரத்தில் முடிக்க நினைக்க வேண்டாம். முதலில் கிடத்துவது மட்டும், அதன் இறந்தகாலத்தோடு.

ஃபால், ஃபெல் ஜோடியிலும் அதே பொறி. விழுந்தது என்பதற்கு ஃபால், ஃபெல், ஃபாலன். வெட்டி வீழ்த்துவதற்கு ஃபெல், ஃபெல்ட், ஃபெல்ட். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது மரங்கள் விழுந்தன என்றால் ஃபெல். சாய்ந்து நின்ற மரத்தை ஊழியர்கள் வெட்டி வீழ்த்தினார்கள் என்றால் ஃபெல்ட். இங்கேயும் ‘எதை?’ என்ற கேள்வியே காப்பாற்றும்.

8. வால் மட்டும் மாறுபவை

எகனாமிக், எகனாமிகல். ஹிஸ்டாரிக், ஹிஸ்டாரிகல். கிளாசிக், கிளாசிகல். இவற்றுக்குப் பொது விதி தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், ஒரு ஜோடிக்குப் பொருந்துவது அடுத்ததற்குப் பொருந்தாது. சொல்லைத் தனியாகப் படிக்காமல், அதோடு சேர்ந்து வரும் பெயர்ச்சொல்லோடு தொடராகப் படியுங்கள்.

பொருளாதாரக் கொள்கை என்றால் எகனாமிக். நல்ல மைலேஜ் தரும் வண்டி எகனாமிகல். 1856-இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையம் வரலாற்றில் முக்கியமானது, ஆகவே ஹிஸ்டாரிக். பழங்காலத்தை வைத்து எழுதிய நாவல் ஹிஸ்டாரிகல், அது முக்கியமான நாவலாக இருக்க வேண்டிய அவசியமில்லை. 2004-இல் மத்திய அரசு தமிழைச் செம்மொழியாக அறிவித்தபோது பயன்படுத்திய சொல் கிளாசிகல். மார்கழிக் கச்சேரியும் கிளாசிகல்தான். ஒரு வகைக்கே சிறந்த உதாரணம் என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் கிளாசிக்.

பயோடேட்டாவில் சிரிப்பு வரவழைப்பது இண்டஸ்ட்ரியல். அம்பத்தூரிலும் கிண்டியிலும் இருப்பது இண்டஸ்ட்ரியல் எஸ்டேட். கடினமாக உழைக்கும் மனிதர் இண்டஸ்ட்ரியஸ். ‘நான் இண்டஸ்ட்ரியல் மனிதன்’ என்று எழுதினால் தொழிற்பேட்டையே வேலை கேட்டு வந்த மாதிரி இருக்கும். அதே போல கன்சிடரபிள் என்றால் கணிசமான, கன்சிடரேட் என்றால் பிறரை நினைத்து நடந்துகொள்ளும். சென்சிபிள் விவேகமுள்ளவர், சென்சிட்டிவ் சட்டென்று பாதிக்கப்படுபவர்.

9. வெறும் எழுத்துக்கூட்டல்

இங்கேதான் நினைவுக்குறிப்பு உதவும். ஆனால் ஜோடியில் ஒன்றுக்கு மட்டும் வையுங்கள். இரண்டுக்கும் வைத்தால் குறிப்புகளே குழம்பும்.

எழுதுபொருள் விற்கும் ஸ்டேஷனரியில் கடைசிப் பகுதியில் இ, என்வலப்பின் இ. நகராமல் நிற்பதில் ஏ. பாரிமுனையிலும் திருவல்லிக்கேணியிலும் கடைப் பலகைகளில் இரண்டும் கிடைக்கும், பலகையை அகராதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கல்லூரி முதல்வரும் கடனின் அசலும் ஒரே பிரின்சிபல், ஏ-எல் என்று முடியும். கொள்கை எல்-இ என்று முடியும். அமைதி என்ற பொருளில் குவயட்டில் இ-க்கு அடுத்து டி, அதை மாற்றிப் போட்டால் ‘ஓரளவு’ என்றாகிவிடும். ஓட்டலில் இலவசமாகத் தரும் காலை உணவு காம்ப்ளிமெண்டரி, நடுவில் ஐ.

10. அனுப்பும் முன் சோதனை

ஸ்பெல் செக்கை நம்ப வேண்டாம். இரண்டுமே ஆங்கிலத்தில் இருக்கும் சொற்கள் என்பதால் அது பல நேரம் கோடு போடாது. அதற்குப் பதிலாக உங்கள் பத்து ஜோடிகளையும் மேசையில் ஒட்டி வைத்து, கடிதத்தை எழுதி முடித்ததும் தேடல் வசதியில் அவற்றை மட்டும் ஒவ்வொன்றாகத் தேடுங்கள். முழுக் கடிதத்தையும் திரும்பப் படிப்பதைவிட இது நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் திரும்பப் படிக்கும்போது எழுத நினைத்ததைத்தான் கண் படிக்கும்.

வீட்டில் யாரையாவது டிக்டேஷன் போடச் சொல்லுங்கள், ஆனால் முழு வாக்கியமாக. தனிச் சொல்லாகச் சொன்னால் எந்த ஸ்டேஷனரி என்று உங்களுக்கும் தெரியாது, சொல்பவருக்கும் தெரியாது. ஒரு ஜோடியை மாதம் முழுவதும் தவறாமல் எழுதிய பிறகே பட்டியலிலிருந்து அடியுங்கள்.

எழுதும் அவசரத்தில் எது என்று தெரியவே இல்லையா? வேறு சொல்லுக்குத் தாவுங்கள். ரைஸா ரெய்ஸா என்று திணறுவதற்குப் பதில் இன்க்ரீஸ் என்று எழுதலாம், அது தன்வினைக்கும் பிறவினைக்கும் பொருந்தும். வங்கித் தேர்வு மாதிரி, கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் இந்த வழி இல்லை. அங்கே வாக்கியத்தை மனதுக்குள் தமிழாக்கி, உருபு ஏற்கிறதா, காலம் காட்டுகிறதா, ‘எதை?’ என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறதா என்று வரிசையாகப் பார்த்துவிட்டு விடையைத் தேர்ந்தெடுங்கள்.